முனிரத்தினத்தின் மிச்ச வருஷங்கள்

நெடும்பாறையில் ஆண்கள் நாற்பத்தைந்தைத் தாண்டுவதில்லை, பெண்களுக்குச் சாவு லேசில் வருவதில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும் வயதிலேயே தெரிந்துவிடும். மலையை உடைத்துக் கல் எடுக்கிற ஊர் அது. குவாரியில் மெஷின் பிடித்துப் பாறையில் குழி போடுகிறவனின் நெஞ்சுக்குள் கல்மாவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, படிந்து, இறுகி, ஒருநாள் மூச்சுக்கு வழிவிடாமல் அடைத்துக்கொள்ளும், அவன் போய்விடுவான். ஆனால் எழுபதோ எண்பதோ வாழ வேண்டியவன் பாதியில் போனால் மீதி எங்கே போகும், காற்றிலா போகும், அது அவன் கட்டிய தாலி வழியாக அவன் பெண்டாட்டியிடம் வந்து சேர்ந்துவிடும். கருமாதி முடிந்த மறுநாள் காலை அவள் முகம் கழுவும்போது உள்ளங்கையில் சொரசொரவென்று ஏதோ தட்டுப்படும். அது அவனுடைய தாடி.

முதலில் கெங்கம்மாவுக்குத்தான் வந்தது. ஊர் ஒரு நாள் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு நின்றது, மறுநாள் வேலைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தாடிக்கும் ஊர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டுக்கொண்டது. முடிவெட்டும் நாகப்பன், வழக்கமாகக் கடையைப் பூட்டும் செவ்வாய்க்கிழமையைப் பெண்களுக்கென்று ஒதுக்கினார். டீக்கடைக்காரர் விதவைகள் வந்து உட்கார்ந்ததும் கேள்வி எதுவும் கேட்காமல், செத்துப்போனவர்களின் ருசிக்கு டீ ஆற்றினார், இன்னாருக்குச் சர்க்கரை தூக்கல், இன்னாருக்கு டிகாஷன் தூக்கல். பூசாரி மட்டும் கொஞ்ச காலம் முரண்டு பிடித்தார். ஆண்கள் மட்டுமே தொடும் தேர்வடத்தைத் தொட ஊரில் ஆண்கள் போதாமல்போன வருஷம் அவரும் வழிக்கு வந்தார். புருஷனின் வருஷங்களோடு புருஷனின் கைப்பழக்கமும் வந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தவர் குவாரி முதலாளி. அவர் எதற்கும் வியக்கிற ஆள் இல்லை. மெஷினைத் தூக்கி விதவைகளின் கையில் கொடுத்தார், கூலியை மட்டும் பெண்கள் கூலியாகவே வைத்துக்கொண்டார், நல்ல மனுஷன்.

அப்படியாகக் கல்மாவு பெண்களின் நெஞ்சுக்குள்ளும் இறங்கியது. அவர்களுக்கும் இருமல் வந்தது. ஆனால் அவர்கள்மேல் ஏற்றிவைத்த வருஷங்கள் தீராமல் அந்த இருமலால் அவர்களைக் கொண்டுபோக முடியவில்லை. கெங்கம்மா, ஊரில் இப்போது மெஷின் பிடிக்கிற யாரும் பிறப்பதற்கு முன்பிருந்தே இருமிக்கொண்டிருக்கிறாள். எழுந்து நிற்க முடியாமல், படுத்தால் மூச்சுவிட முடியாமல், மகன்களை அனுப்பிவிட்டு, பேரன்களை அனுப்பிவிட்டு, வாரம் தவறாமல் தாடி மழித்துக்கொண்டு, என்னைக் கூப்பிடுடா எமனே என்று தெருமுனையில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு தடவை சுகாதார அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். ஊரில் ஆஸ்பத்திரி இல்லை, தூசியை அடக்கத் தண்ணீர் தெளிக்கிற வண்டி இல்லை, மூக்குக்குக் கட்டத் துணிகூட முதலாளி தருவதில்லை என்று பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார், பொறுமையாகச் சிரித்தார்.

"ஆம்பளைங்க சீக்கிரம் போறாங்க, சரி. பொம்பளைங்க நூறு தாண்டுறீங்களே! ரெண்டையும் கூட்டிப் பாத்தா உங்க ஊர் சராசரி மாவட்டத்துலயே முதல்ல நிக்குது. இவ்ளோ நல்ல சராசரி இருக்கற ஊருக்கு ஆஸ்பத்திரி கேட்டா மேல சிரிப்பாங்கம்மா."

"அந்தச் சராசரின்றவன் எந்தத் தெருவுல கீறான் சாமி?" என்று கெங்கம்மா இருமலுக்கு நடுவில் கேட்டாள். "அவன இங்க இட்னு வா. அவன்கிட்ட ரெண்டு வார்த்த கேக்கணும்."

அதிகாரி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அந்தக் குவாரி மலைக்குப் பின்னால் பெரிய மலை ஒன்று உண்டு, அதன் உச்சியில் தும்பைக்காடு. அங்கே எல்லாம் தலைகீழ். சாமையும் தேனும் நல்ல காற்றுமாக அங்கே ஆண்கள் பல் விழும்வரை மரம் ஏறினார்கள். பெண்கள்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ரோடு கிடையாது. பிரசவம் சிக்கலானால் போர்வையை மூங்கிலில் கட்டி டோலியாக்கி, அவளை அதில் போட்டு நான்குபேர் மாற்றி மாற்றித் தோளில் சுமந்து இறங்குவார்கள். அடிவாரம் சேர அரைநாள் ஆகும், பாதி வழியில் ஒற்றை நெல்லிமரம் நிற்கிற வளைவு வரும். பெரும்பாலும் அதற்குமேல் இறங்க வேண்டிய வேலை இருக்காது. தும்பைக்காட்டில் தாத்தாக்கள் கூட்டமாக உட்கார்ந்து வெயில் காய்வார்கள், பாட்டிகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

சடையன் தன் பெண்டாட்டியை அந்த நெல்லிமரத்தடியில் இறக்கிவைத்தவர். இறக்கிவைத்தபோது மூத்த மகள் பொன்னுருவிக்கு நடக்கத் தெரியும், இளையவள் பவளம் அந்த டோலிக்குள் அப்போதுதான் பிறந்திருந்தாள். என் பெண்ணைச் சாகாத ஊரில் கொடுப்பேன் என்று அவர் அந்த மரத்தடியிலேயே சொல்லிக்கொண்டார். அவர் மட்டுமல்ல, மலையில் பெண்ணைப் பெற்ற எல்லாருமே அப்படித்தான் ஆகிப்போனார்கள். நெடும்பாறைக்காரனுக்குப் பெண் கிடைப்பதில் கஷ்டமே இருந்ததில்லை. மாப்பிள்ளை பார்க்க இறங்கிவருகிறவர்கள் குடிக்கிறானா அடிக்கிறானா என்று கேட்பதில்லை, லாரியில் கல் ஏற்றுகிறவனா மெஷின் பிடிக்கிறவனா என்று கேட்பார்கள். மெஷின் பிடிக்கிறவன் என்றால் சம்மதமென்று அந்த வீட்டில் கைநனைப்பார்கள்.

முனிரத்தினம் மெஷின் பிடிக்கிறவன். கல்யாணமான புதிதில் அவன் பொன்னுருவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்: "உங்கப்பன் என் மூஞ்சியப் பாத்துப் பொண்ணு குடுக்கல உருவி. என் நெஞ்சத் தட்டிப் பாத்துட்டுக் குடுத்தாரு."

அவளுக்கு அப்போது அழுகை வந்தது. அழுவதற்கு அவள் அவனை விரும்ப ஆரம்பித்தது ஒரு காரணம். அவன் வேலை விட்டு வந்ததும் தெருக்குழாயில் தலையோடு குளித்து, உடுத்தியதை அங்கேயே அலசி, கல்மாவு ஒரு பொட்டும் வீட்டுக்குள் வராதபடி ஈரத்துணியோடு நுழைவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசற்கதவில் சின்னக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகம் மழிப்பான். எப்போதோ கல்சில்லு தெறித்து அவன் மோவாயின் இடது பக்கம் ஒரு வடு, அதில் மட்டும் முடி முளைக்காது. அந்த இடம் வரும்போது கத்தியை மெதுவாக இழுப்பான். மழித்து முடித்ததும் பொன்னுருவி தன் கட்டைவிரலை அந்த வடுவில் வைத்துப் பார்ப்பாள், சரியாக அடங்கும். பிள்ளை தங்கவில்லை அவர்களுக்கு. இருந்த கொஞ்ச வருஷத்தை ஒருவரையொருவர் கொஞ்சிக்கொண்டே கழித்தார்கள்.

பவளம் மட்டும் கீழே வர மாட்டேன் என்றாள். மலையிலேயே, தன்னோடு ஆடு மேய்த்த வெள்ளையனைக் கட்டிக்கொண்டாள். "கல்லோட குடும்பம் நடத்த நீ போக்கா. நான் இங்கயே சீக்கிரமாச் செத்துக்கறேன்" என்று அக்காளைக் கேலிசெய்தாள். அவளுக்கு எல்லாமே விளையாட்டுத்தான்.

முனிரத்தினத்துக்கு இருமல் ஆடி மாசத்தில் வந்தது, ஆவணியில் நின்றுவிடும் என்று பார்த்தால் நிற்கவில்லை. நெடும்பாறையில் இருமல் நிலைத்துவிட்டது என்று தெரிந்தால் அழமாட்டார்கள், வாய் பழக்குவார்கள். அது ஒரு விருந்து. அவனுடைய வருஷங்கள் வந்து சேர்ந்தபிறகு பெண்டாட்டியின் நாக்கு திடுக்கிடக் கூடாதென்று, அவனுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து, ஒரே இலைக்கு எதிரெதிரே இருவரையும் உட்காரவைத்து, அவன் தின்பதை எல்லாம் அவளைத் தின்னவைப்பார்கள். பீடி குடிக்கிறவன் என்றால் அவளை ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லிக் கைகொட்டிச் சிரிப்பார்கள். கடைசியில் நாத்தனார் ஒரு சவரப்பெட்டியைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டுவாள், சோப்பு, தூரிகை, கத்தி, கண்ணாடி எல்லாம் புதுசாக.

முனிரத்தினத்தின் அக்கா தனபாக்கியம் தாம்பாளத்தோடு வந்தாள். அவளும் விதவை, அன்று காலையில்தான் மழித்திருந்தாள், தாடை பச்சையாகத் தெரிந்தது.

"ஒரு இழுப்பு இழு உருவி. இல்லன்னா அப்பறம் தல சுத்தும். நான் பட்டவ சொல்றேன்."

பொன்னுருவி பீடியை வாங்கித் தண்ணீர்ச் சொம்புக்குள் போட்டாள்.

"எனக்கு அவரு வருசம் வோணாம்."

"வோணாம்னா வுட்டுடுமா? எனக்கு மட்டும் கேட்டுகினா குடுத்தாங்க?"

"அவரு வருசத்த அவரே வாழட்டும் அண்ணி. அது அவருது."

கூட்டம் சிரித்தது. கல்யாணப் பெண் தாலி வேண்டாம் என்று சொன்னமாதிரி இருந்தது அவர்களுக்கு. முனிரத்தினமும் சிரித்தான், சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், இலையின் மேலேயே கவிழ்ந்தான். பொன்னுருவி அவன் முதுகைத் தடவினாள். அப்போது அவளுக்கும் தொண்டைக்குள் ஏதோ அடைத்தது, புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். அவளும் குவாரியில் கல்சில்லு வாருகிறவள்தான். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தாள்.

தை பிறந்ததும் அவனுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. நெடும்பாறையில் இது பழகிப்போன காரியம், ஆளுக்கொரு வேலை செய்தார்கள். ஒருத்தி வெந்நீர் வைத்தாள், ஒருவர் பறைக்குச் சொல்லப் போனார், நாகப்பன் வாசலில் வந்து நின்றார். தனபாக்கியம் பொன்னுருவியைத் தம்பியின் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் தாலியை ரவிக்கைக்கு உள்ளேயிருந்து எடுத்து வெளியே விட்டாள், வருஷங்கள் வரும் வழி அடைபடக் கூடாதென்று. முனிரத்தினத்தின் மூச்சு நூலாக இழுத்தது.

பொன்னுருவி யோசித்துச் செய்தாளா யோசிக்காமல் செய்தாளா என்று இன்றைக்கும் ஊரில் பேச்சு உண்டு. யோசித்துத்தான் செய்தாள். வாய் பழக்கிய நாளிலிருந்து அவள் அதைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை. வருஷம் தாலி இருக்கிற கழுத்தைத் தேடித்தான் போகும், அப்படியானால் அந்தக் கழுத்து அவனுடையதாகவே இருக்கட்டும். தாலிக்கயிற்றைத் தன் தலைவழியாக உருவி எடுத்து, அவன் தலையைத் தூக்கி, அவன் கழுத்தில் போட்டாள்.

புருஷன் உயிரோடு இருக்கும்போது தாலியைக் கழற்றிய பெண்ணை நெடும்பாறை அன்றைக்குத்தான் பார்த்தது. தனபாக்கியம் வயிற்றில் அடித்துக்கொண்டு அலறினாள். அந்த அலறலுக்குள் முனிரத்தினத்தின் மூச்சு நின்றது. அவனுடைய மிச்ச வருஷங்கள் அவனைவிட்டுக் கிளம்பி, எப்போதும் போகிற வழியைத் தேடி, அந்த வழி மறுபடி அவனிடமே திரும்புவதைக் கண்டு, வேறு போக்கிடம் இல்லாமல் அவன் உடம்புக்குள்ளேயே வந்து இறங்கின. அவன் கண்ணைத் திறந்தான்.

"தண்ணி" என்றான்.

ஊர் ஒரு வாரம் அவளைத் தூற்றியது. பூசாரி அவள் கையால் எண்ணெய் வாங்கமாட்டேன் என்றார். பிறகு மெல்ல, ஒவ்வொரு வீட்டிலும் ஆண்கள் சோறு தின்னும்போது பெண்டாட்டியின் கழுத்தை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார்கள். இரண்டொருவர் அவளிடம் வந்து, எப்படிக் கழற்றினாய், எந்த நேரத்தில் போட்டாய் என்று நைசாக விசாரித்தார்கள். அவர்களை அவள் உள்ளே கூப்பிட்டு முனிரத்தினத்தைக் காட்டினாள். பார்த்தவர்கள் அதற்குப் பிறகு பெண்டாட்டியின் கழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

வருஷங்கள்தான் திரும்பிவந்திருந்தன, நெஞ்சு திரும்பிவரவில்லை. கல்லாகிப்போன அதே நெஞ்சோடு, இன்னும் ஒரு ஆயுசு வாழ்வதற்காக அவன் உட்கார்ந்திருந்தான். படுக்க முடியாது. கட்டிலில் ஒரு அண்டாவைக் கவிழ்த்துவைத்து, அதைக் கட்டிக்கொண்டு, நெற்றியை அதன்மேல் சாய்த்துக்கொண்டு இருப்பான். உதடு நாவல்பழம் தின்றமாதிரி நீலமாக இருக்கும். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் கண் மேலே செருகும், செத்தான் என்று தோன்றும், சாகமாட்டான், வருஷங்கள் அவனைப் பிடித்து மறுபடி இழுத்து உட்காரவைக்கும். பொறாமைப்பட வந்த பெண்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, கெங்கம்மாவை நினைத்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். அந்த வருஷம் நெடும்பாறை ஆண்களின் சராசரியும் ஒரு புள்ளி ஏறியிருக்கிறது என்று அதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார்.

"கழட்டிக்க உருவி" என்பான் அவன்.

"கஞ்சி ஆறிடும் மாமா. குடி."

"இது... வருசமா?"

"குடின்றேன் இல்ல?"

காது கேட்காதவள்போல அவள் கரண்டியை நீட்டுவாள். அது அன்பா என்று கேட்டால் அன்புதான். கொடுமையா என்று கேட்டால் அதுவும்தான். அவன் முகத்தைப் பார்க்காமல் விடிகிற ஒரு காலையை அவளால் நினைக்க முடியவில்லை, அதற்காக அவனைத் தினமும் மூழ்கடித்துத் தினமும் தூக்கிக்கொண்டிருந்தாள், தான் செய்வது இன்னதென்று அவளுக்குத் தெரிந்தும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே அவனுக்கு முகம் மழித்தாள். வடு வரும்போது மெதுவாக இழுத்தாள். அப்போது மட்டும் அவன் கழற்றச்சொல்லிக் கேட்கமாட்டான்.

கடைசியாக அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. தும்பைக்காட்டில் தூசி கிடையாது. அங்கே அவள் அப்பாவும் அவர் கூட்டாளிகளும் அறுபதைத் தாண்டியும் மலை ஏறுகிறார்கள். அந்தக் காற்றை இவனுக்கு ஊட்டினால், ஒரு வருஷமோ பத்து வருஷமோ, நெஞ்சுக்குள் இறுகினது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையாதா? வருஷத்துக்குத்தான் அவனிடம் பஞ்சமில்லையே. அவள் போர்வையை எடுத்து மூங்கிலில் கட்டினாள். சுமக்க வந்த நான்குபேரும் மெஷின் பிடிக்கிறவர்கள், நான்குபேருக்கும் இருமல். அந்த மலைப்பாதையில் டோலிகள் பெண்களை வைத்துக்கொண்டு கீழே இறங்கித்தான் பழக்கம். ஒரு ஆணை வைத்துக்கொண்டு மேலே ஏறிய டோலி அதுதான்.

இருமி, இறக்கிவைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கி, அவர்கள் நெல்லிமர வளைவுக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. எதிரே மேலேயிருந்து ஒரு டோலி ஓடிவந்தது. முன்னால் சடையன் செடிகளை விலக்கிக்கொண்டு வந்தார். மூங்கிலின் முன்முனையை வெள்ளையன் பிடித்திருந்தான். போர்வையின் அடிப்பக்கம் நனைந்து, பாதையெல்லாம் சொட்டியிருந்தது.

இறங்குகிற டோலிக்குத்தான் வழி விடவேண்டும் என்பது அந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். நெடும்பாறைக்காரர்கள் பாறையோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். ஆனால் அந்த டோலி வளைவைத் தாண்டவில்லை. சடையன் நெல்லிமரத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இங்கதான்..." என்றார். "உங்கம்மாவும் இங்கதான் உருவி."

பொன்னுருவி ஓடிப்போய்ப் போர்வையை விலக்கினாள். பவளத்தின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கண் திறந்திருந்தது, அக்காளை அடையாளம் தெரியவில்லை. வயிறு மட்டும் அசைந்தது.

டோலிகள் இரண்டும் நெல்லிமரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முனிரத்தினம் தலையைத் திருப்பி மைத்துனியைப் பார்த்தான். பிறகு பொன்னுருவியைப் பார்த்தான்.

"கழட்டு" என்றான்.

இந்தத் தடவை அவளால் காது கேட்காதவள்போல இருக்க முடியவில்லை. அவன் என்ன சொல்கிறான் என்பது வெள்ளையனுக்கும் புரிந்துவிட்டது. அவன் மூங்கிலை விட்டுவிட்டு எழுந்தான்.

"இன்னொருத்தன் தாலிய எம்பொண்டாட்டி கழுத்துலயா?"

"அப்பன்னா நீ மேல போ" என்றார் சடையன். அவர் குரல் உயரவே இல்லை. "நான் இவளயும் இங்கயே புதச்சிட்டு வரேன். எனக்குப் பழக்கம்தான்."

வெள்ளையன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மரத்தின் மறுபக்கம் போய் உட்கார்ந்தான்.

பொன்னுருவி முனிரத்தினத்தின் தலையைத் தூக்கினாள். கயிறு வேர்வையில் ஊறிக் கறுத்திருந்தது. அதைப் பிடித்ததும், அவளுடைய இரண்டு கைகளும் ஒரு கணம் அவளுடைய கழுத்தை நோக்கியே திரும்பின. அவன் போகத்தான் போகிறான், அவன் வருஷமாவது எனக்கு மிஞ்சட்டும், அவன் தாடியாவது என் முகத்தில் முளைக்கட்டும் என்று அந்தக் கைகள் நினைத்தன. கயிறு இன்னும் அவன் தலையைத் தாண்டவில்லை. முனிரத்தினம் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வோணாம் உருவி" என்றான், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சாக. "உனக்கும்... இருமல் கீது. எனக்குத் தெரியும். கெங்கம்மா... மாதிரி... நீ ஆவக் கூடாது."

"மாமா..."

"உன் தங்கச்சி நெஞ்சுல மாவு இல்ல."

அதற்குமேல் அவனிடம் சொல்வதற்கு மூச்சு இல்லை. பொன்னுருவி தன் கட்டைவிரலை அவன் மோவாயின் வடுவில் ஒருதடவை வைத்து எடுத்தாள். கயிற்றை அவன் தலைவழியாக உருவினாள், திரும்பி, தங்கையின் கழுத்தில் போட்டாள். முனிரத்தினம் மூட்டையை இறக்கிவைத்தவன்போல நீளமாக ஒரு மூச்சு விட்டான். உள்ளே இழுக்கத் தேவையில்லாத மூச்சு. பவளம் வாயைத் திறந்து, மலைக்காற்றை எல்லாம் ஒரே இழுப்பில் இழுத்து, அக்காவென்று கத்தினாள். சிறிது நேரத்தில் இன்னொரு சின்னக் குரலும் கத்தியது. பெண் குழந்தை.

ஏறவேண்டிய டோலி அவனோடு கீழே இறங்கியது, இறங்கவேண்டிய டோலி மேலே ஏறியது. வளைவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்த பொன்னுருவி கீழே போனாள், புருஷனைப் புதைக்க வேண்டியிருந்தது.

தும்பைக்காடும் பழகிக்கொண்டது. மலைக்காரர்கள் மாப்பிள்ளை பார்க்க வந்ததுபோய், இப்போது நிறைமாசப் பெண்களைக் கூட்டிக்கொண்டு இறங்கி, நெடும்பாறையில் எந்த வீட்டில் இருமல் முற்றியிருக்கிறது என்று விசாரித்து, அந்த வீட்டு வாசலில் வெற்றிலை பாக்கோடு காத்திருந்தார்கள். கெங்கம்மாவைப்போல ஆகப் பயந்த பெண்டாட்டிகள் சிலர் தாலியைக் கழற்றிக் கொடுத்தார்கள், கொடுக்க மனசு வராதவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அடுத்த வருஷம் ஜீப் மலையடிவாரம்வரை வந்தது. தும்பைக்காட்டுப் பெண்களின் ஆயுசு ஏறியிருக்கிறது, சராசரி சரியாகிவிட்டது, இனி இங்கே ரோடு எதற்கு என்று அதிகாரி சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். குவாரியில் தண்ணீர் தெளிக்கிற வண்டி இன்றுவரை வரவில்லை.

ஆனால் அதெல்லாம் பின்னால். முனிரத்தினத்தின் கருமாதி முடிந்த மறுநாள் காலை, பொன்னுருவி தனபாக்கியம் கொடுத்த சவரப்பெட்டியை எடுத்துக்கொண்டு மலை ஏறினாள். வழியில் பல இடங்களில் உட்கார்ந்து இருமினாள். தலைப்பில் பொத்தவில்லை, யாரிடம் மறைக்க வேண்டும் இனி? அவளிடம் இருந்தது அவளுடைய சொந்த வருஷம் மட்டும்தான், மலையில் பிறந்தவளுக்கு எத்தனை எழுதியிருந்ததோ அத்தனை.

பவளம் வீட்டு வாசலில் பாறைமேல் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் கறுகறுவென்று முளைத்திருந்தது. வெள்ளையன் இரண்டு நாள் முகம்கொடுக்காமல் இருந்து, மூன்றாம் நாள் குழந்தையை வாங்கிக்கொண்டானாம்.

"அக்கா, எனக்கு எந்நேரமும் பீடி கேக்குது" என்று சிரித்தாள் பவளம். சிரித்தவள், அக்காள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

பொன்னுருவி அவள் முன்னால் குந்தினாள். தங்கையின் மோவாயில், இடது பக்கம், முடி முளைக்காத ஒரு சின்ன இடம். கட்டைவிரலை அங்கே வைத்தாள். சரியாக அடங்கியது. பவளம் முகத்தை நிமிர்த்திக் கொடுத்தாள். வெகுநேரம் கழித்து, சோப்பை நுரைத்துத் தடவி, வலது கன்னத்தை மேலிருந்து கீழாக வழித்தாள் பொன்னுருவி. அவன் தாடி கத்தியில் ஒட்டிக்கொண்டு வந்தது. இடது கன்னத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அவன் செத்தபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது, குழந்தை பாலை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

"அழுவாதக்கா" என்றாள் பவளம், அரைக்கன்னம் தாடியோடு. அவளுக்கும் குரல் உடைந்திருந்தது. "நாளைக்கும் மொளைக்கும். எவ்ளோ நாள் வோணும்னாலும் மொளைக்கும். நீ தெனம் வந்து தொட்டுப் பாத்துக்க."

நாளைக்குப் பொன்னுருவிக்குக் குவாரியில் வேலை இருந்தது. இந்த மலையை இன்னும் எத்தனை தடவை ஏற முடியும் என்று அவளுடைய நெஞ்சு அவளுக்கு வரும்போதே சொல்லியிருந்தது. அவள் கத்தியைத் துடைத்துத் தங்கையின் கையில் கொடுத்தாள், கண்ணாடியை எடுத்து அவள் எதிரில் பிடித்துக்கொண்டாள்.

"நீயே மழிச்சிப் பழகு" என்றாள். "மேலேருந்து கீழ. அந்த வடுகிட்ட வரும்போது மட்டும் மெதுவா. அவரு அங்க மெதுவாத்தான் இழுப்பாரு."